ஓலோ இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறார்

ஓல்ஸ்ட், மார்ச் 2

பெறுநர்: திருமதி யான்டினா ஃபெர்ஸ்கூர், செயலர், விளம்பர முறையீட்டுக் குழு.

பொருள்: எனது புகாரைத் திரும்பப் பெறுதலும் நன்றி தெரிவித்தலும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாகவும் கால் நனையாமலும் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நான் நலம். ஆறும் நலம். இன்று காலை எட்டு மணி நிலவரப்படி ஐசல் தன் படுகைக்குள்ளேயே அடக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் தங்களுக்குப் புதிதல்ல. சென்ற ஆகஸ்டிலிருந்து தங்கள் மேசைக்கு வந்த கடிதங்களில், ஓரத்தில் மதகுப் படம் போட்டு வந்தவையெல்லாம் என்னுடையவை. நான் ரூலோஃப் ஹெஸ்லிங்க், வயது எழுபத்தொன்று, நீர் வாரியத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மதகு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 'ஓலோவின் அடுமனை' என்ற கைப்பேசி விளையாட்டின் விளம்பரம் ஊரை ஏமாற்றுகிறது என்று பதினொரு குற்றச்சாட்டுகளோடு புகார் கொடுத்தவன். அந்தப் புகார் வருகிற பதினான்காம் தேதி விசாரணைக்கு வருகிறது. அம்மையீர், அதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இவ்வளவு நாள் உயிரை எடுத்துவிட்டு இப்போது என்ன என்று தாங்கள் கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு வேறு எங்கிருந்தும் தொடங்கத் தெரியாது என்பது என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

என் மகள் ஃபெம்க, அப்பாவின் மூளை துருப்பிடித்துவிடக் கூடாது என்று என் கைப்பேசியில் குறுக்கெழுத்து விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு புதிருக்கு ஒருமுறை அதில் விளம்பரம் வரும். பல் மருத்துவரிடம் காத்திருந்த ஒரு நாளில்தான் ஓலோவை முதலில் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட குண்டு ரொட்டிக்காரர், ஒரு பாதாள அறையில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார். தலைக்கு மேலே ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்து அறையில் நெருப்பு, நடுவில் மூன்று தாழ்கள். இடப்பக்கத் தாழை முதலில் இழுத்தால் தண்ணீர் நெருப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விடும். ஓலோ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இதை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம். ஆனால் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கை வருகிறது, இங்கே அங்கே தடவுகிறது, கடைசியில் வலப்பக்கத் தாழை இழுக்கிறது. தண்ணீர் ஓலோவின் கழுத்துக்கு வந்துவிடுகிறது. முப்பத்தெட்டு வருஷம் மதகு திறந்த எவனாவது இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? "இடது! இடதுடா முட்டாள்!" என்று நான் கத்தியதில், காத்திருந்த நாலு பேரும் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே நீர் வாரியத்துக்கு எழுதினேன். தொட்டிக்கு உபரிநீர் வழி இல்லை, மதகை இயக்குபவருக்குப் பயிற்சி இல்லை, கீழே ஆள் நிற்கும்போது திறக்கிறார்கள், உடனே யாரையாவது அனுப்புங்கள் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. "தங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி. குறிப்பிட்ட பாதாள அறை எங்கள் எல்லைக்குள் வரவில்லை." கையெழுத்துப் போட்டிருந்தவன் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன். ஒரு வரி விசாரித்திருக்கலாம்.

சரி, நாமே போய்க் காப்பாற்றுவோம் என்று விளையாட்டை இறக்கிக்கொண்டேன். திறந்தால் ஓலோ இல்லை. பாதாள அறை இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. சிவப்பு பன், பச்சை பன், நீல பன் என்று அடுக்கி வைத்திருக்கிறது. ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் மறைகின்றன. ஆரம்பத்தில் கை பழகக் கொடுத்திருக்கிறார்கள், பத்தாவது லெவலில் அறை வந்துவிடும் என்று நினைத்தேன். பத்தில் வரவில்லை. ஐம்பதில் வரவில்லை. அம்மையீர், நான் நீர்மட்டம் குறிக்கிற நோட்டில் தினமும் காலை எட்டு மணிக்கு ஆற்றின் அளவுக்குக் கீழே "ஓலோ: தென்படவில்லை" என்று எழுதினேன். நோட்டைப் பார்த்த ஃபெம்க, "அப்பா, அது சும்மா ஆள் பிடிக்கிறதுக்குப் போடற படம். உள்ள அப்படி ஒண்ணுமே கிடையாது" என்றாள். "அப்போ அந்த ஆளு?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கவலை இருந்தது.

அதன் பிறகுதான் தங்களுக்கு எழுதினேன். என் பதினொரு குற்றச்சாட்டுகளையும் பொறுமையாகப் படித்து, "முதல் பத்தும் நீர் மேலாண்மை தொடர்பானவை, இக்குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை, ஆனால் விளம்பரத்தில் காட்டிய விளையாட்டு உள்ளே இல்லை என்ற பதினொன்றாவது குற்றச்சாட்டு கவனத்துக்குரியது" என்று எழுதினீர்கள். போகிற போக்கில் எழுதிய அதை நான் சேர்க்காமலே விட்டிருப்பேன். பிறகு கம்பெனியின் பதிலையும் அனுப்பிவைத்தீர்கள். 'உண்மையான விளையாட்டுக் காட்சி அல்ல' என்று விளம்பரத்தின் கீழ் ஓரத்தில் எழுதியிருக்கிறதாம். நான் அளவுகோல் பலகை படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து பதினேழு முறை அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. இரண்டு நொடி இருந்தது. ஓலோவின் கால் நிறத்தில் இருந்தது.

இதற்கு நடுவில் ஐம்பதாவது லெவலில், குழு ஒன்றில் சேர்ந்தால்தான் மேலே போகலாம் என்றது விளையாட்டு. நான் 'உலர்ந்த கால்கள்' என்று பெயர் வைத்து ஒரு குழு தொடங்கினேன். பெயரைப் பார்த்து இருபத்தேழு பேர் சேர்ந்தார்கள். யார் முகமும் தெரியாது. ஆட்டத்தில் தீர்ந்துபோகிற 'உயிர்'களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு நாள் மனம் கேட்காமல் எழுதிப் போட்டேன்: "யாராவது பாதாள அறையப் பாத்தீங்களா?"

"எது, ஓலோ தண்ணியில நிப்பாரே, அதுவா?" என்றது ஒரு பதில்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் இன்னொருவர்.

"நூறுல வந்துரும்னு நெனச்சு ரெண்டு நாள் தூங்கல."

"நான் அறுநூத்திப் பதினொண்ணுல இருக்கேன். இங்கயும் இல்ல. அந்தக் கையோட சொந்தக்காரன் எவனோ, அவனுக்கு நான் சைக்கிள் லைசென்ஸ்கூடக் குடுக்க மாட்டேன்." இதை எழுதியவர் கெஸினா. ஸுட்ஃபனில் இருப்பவர், ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. இருபத்தேழு பேரும் அந்த ஓர் ஆளைக் காப்பாற்ற வந்தவர்கள், அம்மையீர். ஒருவர்கூட பன் அடுக்க வரவில்லை.

இப்போது என் நிஜமான கஷ்டத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் நான் கரைக் காவலில் தன்னார்வலன். ஆறு ஏறும் நாட்களில் கரைமேல் நடந்து, எங்கே கசிகிறது, எங்கே எலி தோண்டியிருக்கிறது என்று பார்ப்போம். தனியாக யாரும் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். எழுதிக் கொடுக்கிற அறிக்கையில் இரண்டு கையெழுத்து இருந்தால்தான் அது அறிக்கை. ஒன்று இருந்தால் வெறும் காகிதம். இருபத்திரண்டு வருஷம் என் ஜோடியாக இருந்த பெரென்ட் கோடையில் மகள் வீட்டோடு லேவார்டனுக்குப் போய்விட்டான். செப்டம்பரில் எங்கள் காவல் நிலையப் பொறுப்பாளர் மார்லூஸ் என்னைக் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயதுதான், கறாரான பெண்.

"ஜோடி இல்லாம உங்கள அனுப்ப முடியாது, ரூலோஃப்."

"எனக்கு அந்தக் கரை பழக்கம்தானே, தனியாவே நடந்துக்கறேன்."

"பழக்கம்தான். விழுந்தா தூக்க ஆள் வேணுமே. நவம்பர் ஒண்ணுக்குள்ள ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா காவல் ஜாக்கெட்டத் துவைச்சுக் குடுத்துருங்க."

"துவைச்சா?"

"ஆமா, துவைச்சு."

எனக்கு அந்தத் 'துவைச்சு'தான் தாங்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி இறந்த பிறகு அந்த மஞ்சள் ஜாக்கெட் ஒன்றுதான், என்னை யாராவது எதிர்பார்க்கிறார்கள் என்று காட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் தொங்குவது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அன்று அழுதேன்.

ஊரில் எல்லாரையும் கேட்டுவிட்டேன். சீட்டாட்டக் கிளப்பில் கேட்டேன், தேவாலயப் பாட்டுக் குழுவில் கேட்டேன், அக்கா பிறந்தநாளுக்கு வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பதினான்கு பேரையும், வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கும்போதே ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தார்கள். "எப்போ வெள்ளம்?" என்று கேட்டார்கள். அதுதான் தெரியாது என்றேன். "தேதி தெரியாம எப்படிக் குறிச்சுக்கறது?" என்று நாட்குறிப்பை மூடிவிட்டார்கள். ஒரு காபிக்கே மூன்று வாரம் முன்னால் நாள் கேட்கிற ஜனங்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அக்டோபர் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் 'உலர்ந்த கால்கள்' குழுவில் போட்டேன்: "கரைக் காவலுக்கு ஜோடி தேவை. அழகான ஆற்றுக் காட்சி. இலகுவான நடை. முடிவில் சூடான பட்டாணி சூப். அனுபவமும் கலகலப்பும் உள்ள துணை." அனுப்பிவிட்டு, யார் வரப்போகிறார்கள் என்று பன் அடுக்கிக்கொண்டிருந்தேன். அரை மணியில் கெஸினா கேட்டார்: "சூப்ல உடைச்ச பட்டாணியா, முழுப் பட்டாணியா?" உடைத்தது என்றேன். "நட்டு வச்சா கரண்டி நிக்குமா?" நிற்கும் என்றேன். "சனிக்கிழமை ஒம்பது மணிக்கு வரேன்."

வருஷாந்திர ஒத்திகை அன்று. ஒன்பது அடிக்கும்போது அவருடைய சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியவுடன் வணக்கம் சொல்லவில்லை. "உங்க வண்டி கோட்ட மிதிச்சு நிக்குது" என்றார். நான் வண்டியை நேராக்கிவிட்டு வந்த பிறகு கை கொடுத்தார். ஒத்திகையில் கரைச் சரிவில் அங்கங்கே மரப்பலகைகளை மறைத்து வைத்திருப்பார்கள். விரிசல், கசிவு என்று எழுதியிருக்கும். ஐந்தையும் கண்டுபிடிக்க வேண்டும். அன்று பனிமூட்டம், ஆறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பிறகு மழை. நான் ஒவ்வொரு மதகாக நிறுத்தி, அதைக் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். ஐந்து பலகையையும் அவரே கண்டுபிடித்தார். ஒன்றின்மேல் நான் சாய்ந்துகொண்டிருந்தேன். கடைசி ஜோடியாகத் திரும்பிவந்தபோது, சூப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

மேசையில் அறிக்கை இருந்தது. என் கையெழுத்தைப் போட்டேன். கெஸினா மூக்கிலிருந்து மழைத் தண்ணீர் சொட்ட நின்றார்.

"ஆத்துக் காட்சின்னு சொன்னீங்க."

"ஆறு இருந்துச்சு. மூட்டத்துக்குப் பின்னாடி."

"இலகுவான நடை?"

"ஒரு மேடுகூட இல்லையே."

"பதினோரு கிலோமீட்டர், ரூலோஃப்."

"தட்டையான பதினோரு கிலோமீட்டர்."

"சூப்பு?"

நான் கவிழ்த்து வைத்த பாத்திரத்தைப் பார்த்தேன்.

"நான் சூப்புக்காகத்தான் வந்தேன்" என்றார். பேனாவை எடுத்தார். கிழித்துப் போட்டுவிட்டுப் போகப்போகிறார், ஜாக்கெட்டைத் துவைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் அறிக்கையை வரிவரியாகப் படித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "முதல் தடவ தோத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அது சட்டம்" என்றார். மார்லூஸ் அவருக்கும் ஒரு மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தாள்.

ஜனவரியில் ஆறு நிஜமாகவே ஏறியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, கரையின் பதினான்காம் கிலோமீட்டர் கல்லைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். நான் தொண்ணூற்றைந்தாம் வருஷத்து வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்; அதில் இன்னும் பாதிகூட முடியவில்லை.

"ரூலோஃப், கொஞ்சம் வாய மூடுங்க. அங்க பாருங்க."

கரையின் ஊர்ப்பக்க அடியில், புல்லுக்கு நடுவில், ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் கொப்பளித்தது. சாம்பல் நிற மணலோடு வந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, அம்மையீர். மணலோடு வந்தால் கரையின் அடிமண் கரைந்து வருகிறது என்று பொருள். அதன் பக்கத்திலேயே என் பூட்ஸ் தடம் இருந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். முப்பத்தெட்டு வருஷ அனுபவம் பேசிக்கொண்டே தாண்டிப் போயிருந்தது.

"எந்தத் தாழ இழுக்கணும்?" என்றார் கெஸினா. விளையாட்டாகக் கேட்கவில்லை, முகம் வெளுத்திருந்தது.

"எதையும் இழுக்கக் கூடாது. அடைக்கவும் கூடாது. சுத்தி மூட்டை போட்டு, தண்ணிய உள்ளயே நிக்க விடணும்."

இருபது நிமிஷத்தில் மார்லூஸின் ஆட்கள் மணல் மூட்டைகளோடு வந்து வளையம் கட்டினார்கள். வளையத்துக்குள் தண்ணீர் ஏற ஏறக் கொப்பளிப்பு அடங்கியது. மதியத்துக்குள் தெளிந்துவிட்டது. கரை உடைந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உடைந்திருக்காது என்றும் சொல்ல மாட்டேன். கரைக்கு இந்தப் பக்கம் நாற்பது வீடுகள் இருக்கின்றன. அன்று சூப் இருந்தது. கெஸினா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், கரண்டி நின்றது.

இப்போது புரிந்திருக்கும். அந்த விளம்பரம் மட்டும் நேர்மையாக "வண்ண வண்ண பன்களை அடுக்குங்கள்" என்று சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன், கெஸினாவும் தொட்டிருக்க மாட்டார், பதினான்காம் கல் பக்கத்தில் என் வாய் மட்டும்தான் இருந்திருக்கும். எனவே அந்தக் கம்பெனிக்கு நன்றி. தப்பான தாழையே இழுத்த அந்தக் கைக்கு நன்றி. கால் நிறத்தில் எழுதியவருக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கிழவனின் பதினொரு குற்றச்சாட்டுகளையும் ஒன்று விடாமல் படித்துப் பதில் எழுதிய தங்களுக்கு நன்றி. என் வீட்டில் தபால் வருவது நின்றுபோயிருந்த மாதங்களில் தங்கள் கடிதங்கள் வந்தன. இவ்வளவு நன்மை செய்த ஒரு பொய்யைத் தண்டிக்கச் சொல்லி என்னால் சாட்சி சொல்ல முடியாது. புகாரைத் தள்ளுபடி செய்து, கோப்பை மூடிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஜோடி வழக்கப்படி இந்தக் கடிதத்தில் கெஸினாவும் கையெழுத்திடுவார். பதினொன்றுக்குக் காபிக்கு வருகிறார், அது மூன்று வாரம் முன்பே குறித்தது. கையெழுத்து வாங்கியதும் தபாலில் சேர்க்கிறேன்.

தங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் உறுதியான கரையும், ஒழுகாத கூரையும், முதல் முயற்சியிலேயே சரியான தாழும் வாய்க்கட்டும்.

மிக்க நன்றியுடன்,
ரூலோஃப் ஹெஸ்லிங்க்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம், படித்திருந்தால் படிக்காததாகக் கொள்ளவும். கெஸினா பதினொன்றுக்கு வந்தார். காபி ஆறும்வரை சிவப்புப் பேனாவோடு இரண்டு முறை படித்தார்.

"இது என்ன?"

"நன்றிக் கடிதம்."

"ஒருத்தன் சிவப்பு விளக்கத் தாண்டிப் போறான். அந்தப் பக்கம் அவனோட பழைய சிநேகிதன் நிக்கறான். கட்டிப் பிடிச்சு அழறாங்க. நான் அவனுக்குப் பாஸ் போடணுமா?"

"இல்ல..."

"நமக்கு நல்லது நடந்துச்சு. சரி. மத்தவங்க எத்தன பேரு ராத்திரி முழுக்க பன் அடுக்கிட்டு உக்காந்திருக்காங்க? ஓலோ இன்னும் தண்ணியிலதான் நிக்கறாரு, ரூலோஃப். நீங்க அதுக்குள்ள கோப்ப மூடச் சொல்றீங்க."

கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒரு கையெழுத்தோடு இருப்பதால் மேற்படி கடிதம் வெறும் காகிதம். ஆகவே புகார் அப்படியே நிற்கிறது, பதினொரு குற்றச்சாட்டுகளோடும். பதினான்காம் தேதி இருவரும் வருகிறோம். பேசப்போவது அவர், நான் படம் வரைந்துகொண்டு வருகிறேன்.

இத்துடன் இன்னொரு புகாரும் இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் எனக்கு அனுப்பிய படிவங்களில் ஒன்று மிச்சம் இருந்தது, கெஸினா அதை என் சமையலறை மேசையிலேயே நிரப்பிவிட்டார். எதிர்மனுதாரர் நான். ஆற்றுக் காட்சி: மூட்டம். இலகுவான நடை: பதினோரு கிலோமீட்டர். சூடான சூப்: கழுவிய பாத்திரம். கலகலப்பு: மதகுகள் மட்டும். நான்கும் உண்மை, என் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வரியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. 'பொருளைத் திருப்பி அனுப்ப விரும்புகிறீர்களா?' என்ற கேள்விக்கு, 'இல்லை' என்ற கட்டத்தில் சிவப்புப் பேனாவால் குறியிட்டிருக்கிறார்.

ரூலோஃப் ஹெஸ்லிங்க்
கெஸினா தெ க்ரோட் (பின்குறிப்புக்கு மட்டும்)